மூன்றாவது துளை

சிங்கப்பூர் லாரியிலிருந்து இறங்கிய அந்தப் பெட்டியை ராஜரத்தினம் கூலியாளிடம் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். பச்சைத் தகரப் பெட்டி, பித்தளைப் பூட்டு, மூடியில் 'ஸ்டாண்டிஷ் கம்பெனி' என்று வெள்ளை எழுத்து. உள்ளே நானூறு அட்டைகள், நீளமான இரண்டு ஊசிகள், அட்டையின் ஓரத்தை வெட்டுவதற்கு ஒரு கத்தரி. சாவியோடு ஓர் ஒப்பந்தமும் வந்திருந்தது. 'முதல் வருடம் இலவசம்' என்ற வரியை அவர் இரண்டு முறை படித்தார். மற்ற வரிகளை ஒரு முறை படித்தார்.

அது ஐம்பத்தாறாம் வருடம் நவம்பர் முதல் தேதி. மலாக்காவில், காஜா பெராங் சாலையில் ஒரு வீட்டு மாடியை மாதம் இருபத்தைந்து வெள்ளிக்கு எடுத்து, சனிக்கிழமை மதியமும் ஞாயிறு காலையும் அவர் வர்த்தக வகுப்பு நடத்திவந்தார். மற்ற நாட்களில் ஒரு ரப்பர் வியாபாரக் கம்பெனியில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. வீட்டுக்காரர் பல தலைமுறைகளாக மலாக்காவிலேயே வாழும் செட்டி சமூகத்தவர். அவருக்குத் தமிழ் வராது, மலாயில்தான் பேசுவார். ஆனால் நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை யாரும் பார்த்தது கிடையாது. வகுப்பில் நான்கு தட்டெழுத்து இயந்திரங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுக்கு ஆங்கில 'ஈ' எழுத்து உடைந்துபோயிருந்தது. கடிதம் எழுதுவது, கணக்குப் பதிவது, தட்டெழுத்து என்று மூன்று பாடம் நடத்திக்கொண்டிருந்தவருக்கு நான்காவதாக இந்த அட்டை வந்து சேர்ந்தது.

அதன் சூட்சுமம் எளிது. அட்டையின் ஓரம் நெடுக வரிசையாகச் சிறு துளைகள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு பொருள். ஒரு நோயாளிக்கு ஓர் அட்டை. ஒரு துளை காசநோய்க்கு, ஒரு துளை மலேரியாவுக்கு, ஒரு துளை பெண்ணுக்கு என்று வைத்துக்கொள்ள வேண்டும். நோயாளிக்குக் காசநோய் இருந்தால் அந்தத் துளைக்கும் ஓரத்துக்கும் நடுவே உள்ள துண்டைக் கத்தரித்துவிட வேண்டும். பிறகு எல்லா அட்டைகளையும் அடுக்கி, காசநோய்த் துளையில் ஊசியைச் செருகித் தூக்கினால், கத்தரிக்காதவை ஊசியோடு மேலே வரும். கத்தரித்தவை பிடிமானம் இல்லாமல் மேசையில் விழும். விழுந்தவர்கள் காசநோயாளிகள். நாலு நாள் பேரேட்டைப் புரட்டித் தேடவேண்டியதை நாலு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

வகுப்பில் எட்டுப் பேர். நானூறு அட்டைகளிலும் கம்பெனி கற்பனையாக எழுதியிருந்த நோயாளிகள் அத்தனை பேரும் ஏதோ ஓர் இங்கிலாந்துக் கிராமத்துக்காரர்கள். முதல் நாளே சிஹாபுதீன் அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"சார், இந்த ஊர்ல ஒருத்தன்கூட நல்லா இல்லையா? இதுக்குப் பயந்துதான் வெள்ளைக்காரன் நம்ம ஊருக்கு ஓடி வந்தானா?"

அவன் பெண்டஹாரா சாலையில் துணிக்கடை வைத்திருந்தவரின் இரண்டாவது மகன். கடையில் அண்ணன் உட்கார்ந்துவிட்டதால் இவனுக்கு அரசாங்க வேலை தேவைப்பட்டது. வாய் வேலை செய்கிற வேகத்துக்குக் கை வேலை செய்யாது. அஞ்சலை அதற்கு நேர்மாறு. செங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுகிறவரின் மகள். இருபத்து நான்கு வயது. தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் ஆயா வேலை பார்த்துக்கொண்டே சனி, ஞாயிறுகளில் பஸ் பிடித்து வருவாள். ஊசியை அவள் கையில் கொடுத்தால் அட்டைகள் தாமாகவே வழிவிடுவதுபோல் இருக்கும். 'நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள், காசநோய், தனியாக வசிப்பவர்கள்' என்று ராஜரத்தினம் சொல்லி முடிப்பதற்குள் நான்கு முறை ஊசியைச் செருகி, ஆறு அட்டைகளை எடுத்து மேசையில் வைத்துவிடுவாள்.

பெட்டிதான் இலவசம். வெட்டிப் பழகுவதற்கான வெற்று அட்டைகள் நூறு எட்டு வெள்ளி, அதையும் கம்பெனியிடமிருந்துதான் வாங்க வேண்டும். ஒரு முறை வெட்டிய அட்டையில் திரும்ப வெட்ட முடியாது. மாதம் ஏழு வெள்ளி சம்பளம் கட்டுகிற எட்டுப் பேருக்கு அது கட்டுப்படியாகவில்லை. ஆளுக்கு மூன்று அட்டை கொடுத்துவிட்டு, மற்றபடி பழைய காலண்டர் தாளில் வெட்டிப் பழகச் சொன்னார். பெரிய கல்லூரிகளுக்கே இந்த விலை அதிகம் என்று கோலாலம்பூர் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். ஆனாலும் ராஜரத்தினம் விடவில்லை. மறு வருடம் ஆகஸ்டில் சுதந்திரம் வந்துவிட்டது. வெள்ளைக்கார அதிகாரிகள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். மலாக்காவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் அட்டைக் கிராணி வேலைக்கு நான்கு பேரை எடுக்கப்போகிறார்கள். சம்பளம் நூற்று நாற்பது வெள்ளி. நவம்பர் இருபத்து மூன்றில் பரீட்சை. கம்பெனி அங்கீகரித்த பள்ளியில் படித்தவர்கள் மட்டும் எழுதலாம். மலாக்கா பட்டணத்தில் அப்படி இருந்த பள்ளி அந்த மாடி அறை ஒன்றுதான்.

சரஸ்வதி பூஜை அக்டோபர் முதல் வாரத்தில், புதன்கிழமை வந்தது. அன்று வகுப்பு இல்லை என்றாலும் சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். தட்டெழுத்து இயந்திரங்களைத் துடைத்து, பேரேடுகளை அடுக்கி, நடுவில் பச்சைப் பெட்டியை வைத்தார்கள். வீட்டுக்கார அம்மாள் கீழே அப்போதுதான் அரைத்த சந்தனத்தை ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தனுப்பினாள். சிஹாபுதீன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து படியில் உட்கார்ந்துகொண்டான். பூஜைக்கு இல்லை, சுண்டலுக்கு என்று அவனே விளக்கம் சொன்னான்.

"அஞ்சலை, பெட்டிக்கும் ஒரு பொட்டு வச்சிரு" என்று சொல்லிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு ராஜரத்தினம் கீழே இறங்கிப் போனார். வீட்டுக்காரர் வாடகை ரசீதைப் பற்றி ஏதோ பேசக் கூப்பிட்டிருந்தார். பேச்சு அரைமணி நேரம் இழுத்தது. திரும்பி வந்து கற்பூரம் காட்டினார். பெட்டியின் மூடியில் அழகாகச் சந்தனமும் குங்குமமும் இருந்தன.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. மறுநாள் வியாழக்கிழமை, எல்லோருக்கும் வேலை நாள். சனிக்கிழமை மதியம்தான் பெட்டியைத் திறந்தார்கள்.

ரஷ்யாக்காரன் வானத்தில் ஏதோ பந்து விட்டிருக்கிறானாம் என்று சிஹாபுதீன் சொல்லிக்கொண்டிருந்தான். ராஜரத்தினம் மூடியைத் தூக்கினார். சந்தன வாசனை குப்பென்று வந்தது. அட்டைகளை எடுக்கக் கையை விட்டார். நானூறும் ஒரே கட்டியாக வந்தன. ஒவ்வோர் அட்டையின் மேல் மூலையிலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம். ஈரத்தோடு அடுக்கி மூடியதில் மூன்று நாளில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இழுத்தால் ஓரம் உரிந்தது. துளைகளில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது.

"யார் வச்சது?"

"நான்தான் சார்" என்றாள் அஞ்சலை.

"பெட்டிக்குத்தானே வைக்கச் சொன்னேன்."

"பெட்டிக்கும் வச்சேன் சார்."

யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அவள் முகம் வெளுத்திருந்தது. குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"எங்க தோட்டத்துல பால்வெட்டுற கத்திக்குப் பொட்டு வைக்கிறப்ப ஒரு கத்தியையும் விட மாட்டாங்க சார். நூறு கத்தின்னாலும் நூறுக்கும் வைப்பாங்க. விட்டுட்டா அந்தக் கத்திக்காரனுக்குத்தான் காயம் படும்னு பயம். இதுல ஒவ்வொன்னுலயும் ஒரு பேர் இருக்கு, வயசு இருக்கு, வியாதி இருக்கு. இதுல யாரை விடறது?"

ராஜரத்தினம் கோபப்படலாம் என்று பார்த்தால் கற்பூரம் காட்டியது அவர் கை.

அன்றும் மறுநாளும் பாடம் நடக்கவில்லை. எட்டுப் பேரும் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஜன்னல் கட்டையில் வெயில் காட்டி, குண்டூசியால் துளை துளையாகக் குத்திச் சந்தனத்தை எடுத்தார்கள். சிஹாபுதீன் கடையிலிருந்து கரி இஸ்திரிப்பெட்டியைக் கொண்டுவந்து மூலைகளைத் தேய்த்தான். முடிவில் இருநூறு சொச்சம் அட்டை பார்வைக்குத் தேறின. ஆனால் ஊசியைச் செருகித் தூக்கினால் விழவேண்டியவை விழாமல் தொங்கின.

"ரொம்ப சூசா சார், பெரிய தொல்லை. செத்தவன்கூட விழமாட்டேங்கிறான்" என்றான் சிஹாபுதீன். இந்த முறை யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் பத்தொன்பதாம் தேதி கம்பெனி ஏஜெண்ட் வந்தார். வருட முடிவில் பெட்டியைச் சோதித்து, பரீட்சைக்குப் போகிறவர்களின் விவரத்தைச் சரிபார்ப்பது அவர் வேலை. பெயர் சேதுபதி. நாற்பது வயதிருக்கும். கழுத்துப்பட்டையை இறுக்கிக் கட்டியிருந்தார். மாடி ஏறி வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மாணவர்களை எதிரே கோப்பிக் கடையில் காத்திருக்கச் சொல்லிவிட்டு ராஜரத்தினம் பெட்டியைத் திறந்து வைத்தார். மறைக்க ஒன்றுமில்லை. நடந்ததைச் சொன்னார்.

சேதுபதி ஓர் அட்டையை எடுத்து மூலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார்.

"எங்க ஆபீஸ்லயும் பூஜை உண்டு, மிஸ்டர் ராஜரத்தினம். மிஷினுக்கு அடியில, துரை கண்ணுக்குப் படாத இடமாப் பாத்து ஒரே ஒரு பொட்டு வைப்போம். நீங்க நானூறு வச்சிருக்கீங்க."

"நான்தான் வைக்கச் சொன்னேன்."

"அதை என்கிட்ட சொல்லாதீங்க" என்றார் சேதுபதி. கையை உயர்த்திக்கூடத் தடுத்தார். "நீங்க சொன்னா நான் எழுதணும். எழுதினா ஒன்பதாவது விதி. முழுப் பெட்டிக்கும் விலை எண்ணூத்தி அறுபது வெள்ளி. அதோட ஸ்கூல் பேரு லிஸ்ட்ல இருந்து போயிடும். பிள்ளைங்க யாரும் பரீட்சைக்கு உக்கார முடியாது."

ராஜரத்தினத்தின் கிராணிச் சம்பளம் நூற்று எழுபது. எண்ணூற்று அறுபதை எங்கிருந்து புரட்டினாலும் லிஸ்டை எப்படிப் புரட்டுவது?

"இன்னொரு வழி இருக்கு" என்றார் சேதுபதி. குரலைத் தாழ்த்தவில்லை. விலைப்பட்டியல் படிப்பதுபோல் சொன்னார். "வாத்தியார் வேணாம்னு சொல்லியும் கேக்காம மாணவர் சேதப்படுத்தினா, அது பத்தாவது விதி. நஷ்டத்தைக் கம்பெனி ஏத்துக்கும். இன்சூரன்ஸ்ல தள்ளிடுவோம். ஸ்கூலுக்கு ஒன்னும் வராது. மத்தவங்க பரீட்சை எழுதலாம். பேர் மட்டும் வேணும்."

"பேரை வச்சு என்ன பண்ணுவீங்க?"

"ஒன்னும் பண்ண மாட்டோம். அட்டையில குறிப்போம். அவ்வளவுதான்."

தோல்பையிலிருந்து எட்டு அட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினார். வகுப்பில் சேர்ந்தபோது ராஜரத்தினமே நிரப்பி அனுப்பியவை. ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்று. பெயர், ஊர், படிப்பு. பயிற்சி பெற்றவர் யார் யார் என்று எந்த அலுவலகம் கேட்டாலும் கம்பெனி இந்த அட்டைகளில் ஊசியை விட்டுத்தான் பட்டியல் கொடுக்கும்.

"வலது ஓரத்துல கீழ இருந்து மூணாவது துளை. பயிற்சிச் சாமானுக்குச் சேதம். நீங்களே வெட்டிடுங்க. வாத்தியார் வெட்டினாத்தான் செல்லும்."

"பின்னால ஒட்டிக்கலாமா?"

"ஒட்டின அட்டையைக் கம்பெனி எடுத்துக்காது. உங்களுக்குத் தெரியாததா?"

"அவதான் சார் வகுப்புல முதல்."

சேதுபதி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "முதல்ல வர்றவங்க எப்படியும் பொழைச்சுக்குவாங்க. எனக்கு அஞ்சரை மணிக்கு டாக்சி."

ஜன்னலுக்கு வெளியே கோப்பிக் கடை தெரிந்தது. ஜெயபாலன் பஸ் கண்டக்டர் உடுப்போடு வந்திருந்தான். மூன்று பிள்ளைக்காரன், இந்த வேலையை நம்பித்தான் கடன் வாங்கிச் சம்பளம் கட்டியவன். அவன் ஏதோ சொல்ல, சிஹாபுதீன் மேசையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அஞ்சலை பக்கத்து மேசையில் தனியாக உட்கார்ந்து மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு பேர், ஒருத்தி. ராஜரத்தினம் வாழ்க்கை முழுக்கக் கணக்கு எழுதியவர். இந்தக் கணக்கில் பிழை எங்கே என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் கூட்டல் சரியாக வந்தது.

கத்தரியை எடுத்தார். 'டிக்' என்றது. அரிசியளவு துண்டு ஒன்று மேசையில் விழுந்தது. 'எச்சரித்தும் கேளாமல்' என்று தொடங்கும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். சேதுபதி எட்டு அட்டைகளையும் தட்டி அடுக்கிப் பைக்குள் வைத்து, பூட்டி, படியிறங்கிப் போனார். பரீட்சை வரை பழகுவதற்கு வேறு பெட்டி அனுப்புவதாகச் சொன்னார். சொன்னபடி அனுப்பவும் செய்தார்.

முதலில் மேலே வந்தது அஞ்சலைதான்.

"என்ன சார் ஆச்சு?"

அவர் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார் என்பது ஒன்றுதான் பின்னாளில் அவருக்கு ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளக் கிடைத்தது.

"எந்தத் துளை சார்?"

"வலது ஓரம். கீழ இருந்து மூணு."

பாடத்தில் செய்வதுபோலவே அவள் மேசை ஓரத்தில் விரலால் கீழிருந்து மூன்று எண்ணினாள்.

"அப்ப அந்த இடத்துல ஊசியை விட்டுத் தூக்கினா ஏழு பேர் மேல போவாங்க. நான் ஒருத்திதான் கீழ விழுவேன்."

மேசையில் கிடந்த காகிதத் துண்டை ஆள்காட்டி விரலால் ஒற்றி எடுத்தாள். அதைப் பார்த்தாள். பிறகு தன் நோட்டுப் புத்தகத்தையும் குடையையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். படியில் சிஹாபுதீன், "என்னக்கா, அதுக்குள்ள போறீங்க, கோப்பிக் காசு நான்தான் குடுக்கணுமா?" என்று கேட்டது மேலே கேட்டது. அவள் பதில் சொன்னது கேட்கவில்லை.

ஏழு பேரும் பரீட்சை எழுதினார்கள். நால்வர் தேறினார்கள். ஜெயபாலன் ஒருவன். சிஹாபுதீன் நான்காவதாகத் தொற்றிக்கொண்டான். அவன் அப்பா மாடிக்கு ஒரு தட்டு அல்வா கொடுத்தனுப்பினார். டிசம்பர் நடுவில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இலவச வருடம் முடிந்தது, ஜனவரி முதல் கற்பிக்கும் உரிமைக்கு வருடம் அறுநூறு வெள்ளி, அட்டை தனி, விருப்பமில்லையேல் பெட்டியைத் திருப்பி அனுப்பவும். ராஜரத்தினம் பெட்டியை லாரியில் ஏற்றினார். இந்த முறை கூலியாள் தூக்கினான். அஞ்சலையின் பெயரைக் கொடுத்து அவர் வாங்கியது ஒரே ஒரு பரீட்சை.

பொங்கல் கழிந்த வாரம் சிஹாபுதீன் வகுப்புக்கு வந்தான். வெள்ளைச் சட்டையும் பேனாவுமாக இருந்தான். கேலி கொஞ்சம் குறைந்திருந்தது.

"ஆபீஸ்ல வேலை சமாளிக்க முடியலை சார். இன்னும் ரெண்டு பேர் எடுக்கப்போறாங்க. மலாக்காவுல பழகினவங்க வேற யாரு இருக்காங்கன்னு கம்பெனிக்கு எழுதிக் கேட்டாங்க. லிஸ்ட் என் மேசைக்குத்தான் வந்துச்சு." நிறுத்தினான். "எட்டுப் பேர்ல நாலு பேர் வேலைக்குப் போயிட்டோம். மிச்சம் நாலு பேர் இருக்கணும்ல சார்? லிஸ்ட்ல மூணு பேருதான் இருக்காங்க."

ராஜரத்தினம் எதிரே இருந்த பேரேட்டை மூடி வைத்தார்.

"நான் துரைகிட்ட அக்கா பேரைச் சொன்னேன். லிஸ்ட்ல இல்லாத ஆளைக் கூப்பிட முடியாதாம்" என்றான் சிஹாபுதீன்.

அன்று வீட்டுக்குப் போய் ராஜரத்தினம் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். பொட்டு வைக்கச் சொன்னது நான், எச்சரித்தேன் என்று கையெழுத்திட்டது பொய், அந்த அட்டையைக் கிழித்துப் புதிது போடவும் என்று நாலு வரி. உறையில் போட்டு ஒட்டினார். தபால்தலையும் ஒட்டினார். பிறகுதான் யோசித்தார். எச்சரித்தது பொய் என்றால் ஒன்பதாவது விதி. ஒன்பதாவது விதி என்றால் பள்ளிக்கு அங்கீகாரம் இல்லை. அங்கீகாரம் இல்லாத பள்ளியில் படித்து ஏழு பேர் எழுதிய பரீட்சை என்ன ஆகும்? கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வகுப்புக்கு விடுமுறை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை செங் பஸ்ஸில் ஏறினார்.

அஞ்சலை தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருப்பதாக, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சொன்னார்கள். ஒரே அறைப் பள்ளிக்கூடம். வாசலில் பத்திருபது பேர், வேட்டியும் கண்டாங்கியுமாக, கையில் அடையாளக் கார்டை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். உள்ளே வாத்தியார் மேசையில் அஞ்சலை. எதிரே ஒரு கிழவர்.

"எந்த வருசம் கப்பல் ஏறினீங்க, மாமா?"

"ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தி."

"எத்தனை வருசம் முந்தி?"

"என் ரெண்டாவது மக பொறந்து நடக்கிறா அப்ப."

அவள் சிரிக்காமல் கணக்குப் போட்டு ஓர் அட்டையில் எழுதினாள். துணிக்கடைச் சட்டைப்பெட்டியை வெட்டிச் செய்த அட்டை. ஒரு மூலையில் சிஹாபுதீன் கடைப் பெயரின் பாதி தெரிந்தது. மேல் ஓரத்தில் மட்டும் ஒன்பது துளைகள். பஸ் கண்டக்டர்கள் டிக்கெட்டில் துளை போடும் கருவி ஒன்று பக்கத்தில் கிடந்தது. அது யாருடையது என்று ராஜரத்தினத்துக்குத் தெரிந்தது. ஊசிக்குப் பதில் ஒரு குடைக்கம்பி.

அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்க சார். உக்காருங்க. ஒரு பத்து நிமிசம்."

பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். குடியுரிமைக்கு மனுப் போடுகிறவர்களின் அட்டைகள் அவை. இங்கேயே பிறந்தவர், நாற்பத்தைந்து வயது தாண்டியவர், எட்டு வருடம் இங்கே இருந்ததற்குச் சாட்சி உள்ளவர், பிறப்புப் பத்திரம் இல்லாதவர் என்று ஒவ்வொரு துளை. இங்கே பிறந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வரும் ஆகஸ்ட் வரை மனுப் போட்டால் மலாய் பாஷைப் பரீட்சை இல்லை. அதற்குப் பிறகு உண்டு. யாரை முதலில் அனுப்ப வேண்டும், யாருக்குச் சாட்சி தேட வேண்டும் என்பதைக் குடைக்கம்பி சொல்லிக்கொண்டிருந்தது. கம்பியைச் செருகித் தூக்கினாள். பதினோரு அட்டைகள் மேசையில் விழுந்தன.

"இவங்க பதினோரு பேருக்கும் பரீட்சை கிடையாது. நாளைக்கே பட்டணத்துக்குப் போகலாம்னு சொல்லுங்க" என்று வாசலில் நின்ற ஒருவரிடம் எடுத்துக் கொடுத்தாள்.

கூட்டம் கொஞ்சம் கலைந்த பிறகு ராஜரத்தினம் தொண்டையைச் செருமினார்.

"பெட்டி திரும்பிப் போயிடுச்சு. நாமளே அட்டை செஞ்சு நடத்தலாம்னு சொல்ல வந்தேன். நீ முன்னாடியே செஞ்சிட்ட."

"விலை குடுக்க முடியலையே சார். வேற என்ன பண்றது?"

"வகுப்புக்கு வா, அஞ்சலை. நீயே பாடம் எடுக்கலாம்."

"என் அட்டை எங்க சார் இருக்கு?"

"சிங்கப்பூர்ல."

"வெட்டினபடியேதான் இருக்கா?"

"ஆமா." சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். "உண்மையை எழுதியிருக்கேன். இன்னும் போடலை. போட்டா அந்த நாலு பேர் வேலைக்கு என்ன ஆகும்னு தெரியலை. அதான் உன்கிட்ட கேட்டுட்டு…"

அவள் உறையைத் தொடவில்லை. தபால்தலையை மட்டும் பார்த்தாள்.

"என்கிட்ட கேக்காதீங்க சார். வெட்டினப்ப கேக்கலை. இப்ப நான் போடுங்கன்னா ஜெயபாலன் அண்ணன் பிள்ளைங்க சோறு என் தலையில. போடாதீங்கன்னா உங்களுக்கு நிம்மதியா இருக்கும். ரெண்டும் நான் சொல்ல மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அட்டைகளை அடுக்கி ஓரத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள். அப்போதுதான் அவர் கவனித்தார். ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும், துளைகளுக்கு எட்டாத கீழ் மூலையில், கடுகளவு சிவப்பு.

அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"காஞ்ச குங்குமம்தான் சார். சந்தனம் வைக்கலை" என்றாள்.

அதற்குள் வாசலில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். அஞ்சலை புது அட்டை ஒன்றை எடுத்து, "பேரு சொல்லுங்க அக்கா" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. கண்டக்டர் புது ஆள், ஜெயபாலனின் இடத்துக்கு வந்தவனாக இருக்கலாம். டிக்கெட்டைக் கிழித்து ஓரத்தில் துளை போட்டான். 'டிக்' என்றது. அரிசியளவு துண்டு காற்றில் பறந்து ஜன்னல் வழியாக வெளியே போயிற்று.

பட்டணம் நெருங்கியது. சட்டைப்பையில் உறை வேர்வையில் நனைந்து மார்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. தபாலாபீஸ் வாசலில் சிவப்புப் பெட்டி வெயிலில் நின்றது. அங்கே இறங்க வேண்டுமென்றால் மணிக்கயிற்றை இழுக்க வேண்டும். கயிறு தலைக்கு மேலேதான் இருந்தது. அவர் கையை உயர்த்தினார், கம்பியைப் பிடித்துக்கொண்டார். பஸ் தபாலாபீஸைத் தாண்டி காஜா பெராங் பக்கம் திரும்பியது.